முதலில் பிரெஸ்டன், பிறகுதான் மற்றதெல்லாம்: இங்கிலாந்தில் ‘டபுள்’ அடித்த ஊர்களுக்கு ஒரு பயணம்

கால்பந்துக்காக இங்கிலாந்து போகிறவர்கள் பெரும்பாலும் பிரெஸ்டனில் இறங்குவதே இல்லை. லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல் என்று மூன்று ஊரை முடித்து, மைதானக் கடைகளில் ஜெர்சிக்கும் மஃப்ளருக்கும் காசைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய அநியாயம் இது. ஒரே பருவத்தில் லீக்கையும், தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வெல்வதை அங்கே ‘டபுள்’ என்பார்கள். 2023 வரை 13 முறைதான் நடந்திருக்கிறது, எட்டே கிளப்புகள்தான் செய்திருக்கின்றன. அதை முதலில் செய்தது பிரெஸ்டன் நார்த் எண்ட். கையில் ஒரே ஒரு நாள் இருந்தாலும் அங்கே போங்கள்.

சும்மா செய்யவில்லை அவர்கள். 1888-89, லீக் என்ற ஒன்று பிறந்த முதல் பருவம். 22 ஆட்டத்தில் 18 வெற்றி, 4 டிரா, தோல்வியே கிடையாது. 74 கோல் போட்டு 15 வாங்கினார்கள். வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுத்த அந்தக் காலத்தில் இரண்டாவது வந்த ஆஸ்டன் வில்லாவை 11 புள்ளி பின்னால் தள்ளினார்கள். கோப்பையில் ஐந்து ஆட்டம், ஒரு கோல்கூட வாங்கவில்லை. 1889 மார்ச் 30 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் உல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று முடித்தார்கள். இன்று டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும் அதே ஓவல்தான்.

இதற்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் சடெல், ஒரு பஞ்சாலை மேலாளர். ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தார். காசு வாங்கி ஆடுவது தடை என்றிருந்த 1884இல் இதற்காகவே பிரெஸ்டனைக் கோப்பையிலிருந்து நீக்கினார்கள். வடக்கத்திக் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்க்க, 1885இல் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே சடெல் 1895இல் ஆலைப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். அந்த அணியைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தெரியாமல் பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தைப் பார்ப்பது அரைகுறைப் பார்வை.

போகும் வழி: லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து நேரடி ரயில், இரண்டே கால் மணி நேரம் அளவில். அன்றன்றைக்கு வாங்கினால் டிக்கெட் விலை வயிற்றைக் கலக்கும். ஒரு பவுண்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அட்வான்ஸ்’ டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். தவறவிட்டால் போனது போனதுதான், நடுவில் வேறு ஊரில் இறங்கிச் சுற்றிவிட்டு ஏறவும் முடியாது. இரண்டு பேராகப் போனால் ‘டூ டுகெதர்’ ரயில்கார்டு எடுங்கள். 35 பவுண்டு, இருவருக்கும் சேர்த்து ஒரே கார்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவரும் ஒன்றாகவே பயணம் செய்ய வேண்டும், வார நாட்களில் காலை 9.30க்கு முன்னால் செல்லாது. நீண்ட தூர ரயில் இரண்டு பிடித்தாலே போட்ட காசு திரும்பிவிடும்.

பிரெஸ்டன் ஸ்டேஷன் வாசலில் ஒரு டாக்சிக்காரர், “இன்னிக்கு மேட்ச், ரோடெல்லாம் அடைச்சிருக்காங்க, இருபது பவுண்டு குடுங்க” என்று மீட்டர் போடாமலே பேரம் தொடங்கினார். தூரம் ஒன்றரை மைலுக்குச் சற்று மேல்! ஃபிஷர்கேட் கடைத்தெரு வழியாக நடந்தால் அரை மணி நேரத்தில் மைதானம். அதே தெருவிலிருந்து சற்று ஒதுங்கினால் பிரெஸ்டன் பேருந்து நிலையம் இருக்கிறது. 1969இல் கட்டிய அந்தப் பிரம்மாண்ட கான்கிரீட் கட்டடத்தை இடிக்கப் போய், கடைசியில் 2013இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். நடக்க முடியாதவர்கள் அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கலாம். லண்டனுக்கு வெளியே இப்போது ஒரு வழிக் கட்டணம் பெரும்பாலான பஸ்களில் 3 பவுண்டைத் தாண்டாது. இருபது எங்கே, மூன்று எங்கே!

டீப்டேலில் 1878 முதல் கால்பந்து ஆடுகிறார்கள். வாசலில் பிரெஸ்டனின் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் டாம் ஃபின்னி சிலை. 1956இல் செல்சி மைதானத்தில் தண்ணீர் தேங்கிய தரையில் அவர் சறுக்கிப் பந்தோடு போகும் புகைப்படத்தை அப்படியே நீரூற்றோடு வடித்திருக்கிறார்கள். ஒரு பக்க ஸ்டாண்டுக்கு ‘இன்வின்சிபிள்ஸ் (வெல்ல முடியாதவர்கள்) பெவிலியன்’ என்று 1889 அணியின் பட்டப்பெயரை வைத்திருக்கிறார்கள். அணி இப்போது இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறது, அதனால் நமக்கு லாபம். பிளாக்பர்ன் மாதிரி பக்கத்து ஊர் எதிரிகள் வராத சனிக்கிழமைகளில் கிளப் இணையதளத்தில் முந்தின நாள்கூட டிக்கெட் கிடைக்கும். உறுப்பினர் அட்டை, குலுக்கல் என்ற பிரீமியர் லீக் தொல்லை எதுவும் இல்லை.

இங்கே பட்டர் பை சாப்பிடாமல் வந்தால் பயணம் வீண். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, வெங்காயத்தோடு வெண்ணெயில் வேகவைத்து, மிளகுத்தூள் தாராளமாகப் போட்டு மாவுக்குள் வைத்துச் சுட்டது. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கர்களுக்காக லங்காஷயரில் உருவான பண்டம். மேல் ஓட்டை உடைத்ததும் ஆவி குப்பென்று அடிக்கும், வெண்ணெய் விரலிடுக்கில் வழியும். குளிரில் நின்றுகொண்டு சாப்பிட இதைவிட நல்ல தீனி அந்த நாட்டில் கிடையாது. சுத்த சைவக்காரர்கள் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மார்க்கெட்டுப் பக்கம் ‘பார்ச்டு பீஸ்’ கிடைத்தால் அதையும் விடாதீர்கள். கறுப்புப் பட்டாணியை ராத்திரி முழுக்க ஊறவைத்துக் குழைய வேகவைத்து, மேலே வினிகர் ஊற்றித் தருவார்கள். நம்மூர் பட்டாணி சுண்டலைத் தண்ணீரோடு குடிப்பது மாதிரி இருக்கும்.

லண்டன் பகுதியை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் ஆர்சனல் டபுள் அடித்த 1971ஐ முதலில் சொல்லாவிட்டால் மனது ஆறாது.

லண்டன் சுரங்க ரயிலின் பிக்கடில்லி லைனில் ஆர்சனல் ஸ்டேஷனில் இறங்குங்கள். நடைமேடைச் சுவரைக் கவனியுங்கள், ‘கில்லெஸ்பி ரோடு’ என்ற பழைய பெயர் இன்னும் ஓடுகளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. 1932இல்தான் கிளப்பின் பெயரை ஸ்டேஷனுக்கு வைத்தார்கள். சரிவான நீண்ட நடைபாதையில் ஏறி வெளியே வந்து அவெனெல் ரோட்டுக்குத் திரும்பினால், வீடுகளுக்கு நடுவே ஆர்சனலின் பழைய மைதானமான ஹைபரியின் கிழக்கு ஸ்டாண்டு முகப்பு. 1936இல் கட்டியது, வெள்ளைச் சுவரில் சிவப்பில் கிளப் பெயர். 2006இல் மைதானத்தை மூடி அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள், பந்து உருண்ட இடம் இப்போது குடியிருப்பவர்களின் தோட்டம். வெளியிலிருந்து பார்க்கக் காசு வேண்டாம். ஐந்து நிமிடத் தொலைவில் புதிய மைதானத்தில் டூருக்குக் கிட்டத்தட்ட 30 பவுண்டு. என் கட்சி தெளிவானது: ஆர்சனலின் முதல் டபுளைத் தேடி வந்தவர்கள் அந்த 30 பவுண்டைச் சேமித்துக்கொண்டு, இந்தத் தெருவில் நின்று நிதானமாகப் பாருங்கள்.

பிறகு 259ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கள். ஃபின்ஸ்பரி பார்க், மேனர் ஹவுஸ், செவன் சிஸ்டர்ஸ் வழியாக டாட்டன்ஹாம் ஹை ரோடு. 1.75 பவுண்டுதான், முதல் முறை கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் தனிக் காசு இல்லை. சாயங்காலம் ஏறாதீர்கள், செவன் சிஸ்டர்ஸ் ரோட்டில் பஸ் நகரவே நகராது. நான்கு மைல் சொச்சம்தான் இந்த இரண்டு மைதானங்களுக்கும் இடையே. ஜென்ம எதிரிகள்.

1971 மே 3, திங்கட்கிழமை ராத்திரி. லீக் பட்டத்துக்குப் போட்டியிட்ட லீட்ஸ் எல்லா ஆட்டத்தையும் முடித்து 64 புள்ளியில் உட்கார்ந்திருந்தது. ஆர்சனல் 63, ஒரே ஆட்டம் பாக்கி, அதுவும் டாட்டன்ஹாம் மைதானத்தில். அப்போது புள்ளி சமமானால் கோல் சராசரி பார்ப்பார்கள், போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பது. லீட்ஸ் 72/30, அதாவது 2.40. ஆர்சனல் கணக்கில் 70/29, அதாவது 2.41. ஆகவே 0-0 என்று முடிந்தால் ஆர்சனலுக்குப் பட்டம். 1-1 என்றால் 71/30, 2.37 ஆகிவிடும், பட்டம் லீட்ஸுக்கு. ஒரே டிராதான், ஆனால் கோல் விழுந்தால் போச்சு! உள்ளே 50,000 பேருக்கு மேல், வெளியே கதவடைத்து நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். கடைசி மூன்று நிமிடம் இருக்கும்போது ஆர்சனலின் ரே கென்னடி தலையால் முட்டி 1-0. பிறகும் நிம்மதி இல்லை, டாட்டன்ஹாம் ஒன்று திருப்பியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஐந்து நாள் கழித்து வெம்ப்லியில் கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலை எக்ஸ்ட்ரா டைமில் 2-1, சார்லி ஜார்ஜ் அடித்த கோல். அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடியது மொத்தம் 64 ஆட்டம். கோப்பையில் மட்டும் ஒன்பது, காரணம் மூன்று சுற்றில் டிராவாகி மறு ஆட்டம். 2024-25 முதல் பிரதான சுற்றுகளில் மறு ஆட்டமே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். டபுள் அடிக்கும் பாதை அந்த அளவுக்குச் சுலபமாகிவிட்டது, இதில் எனக்குச் சந்தேகமில்லை.

டாட்டன்ஹாம்காரர்கள் பத்து வருடம் முன்பே, 1960-61இல், இதைச் செய்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் டபுள் அது. பில் நிக்கல்சன் பயிற்சியாளர், டேனி பிளாஞ்ச்ஃப்ளவர் கேப்டன். முதல் 11 ஆட்டமும் வெற்றி, 42 ஆட்டத்தில் 115 கோல். இறுதியாட்டத்தில் லெஸ்டர் 2-0 என்று தோற்றது. லெஸ்டரின் சால்மர்ஸ் ஆரம்பத்திலேயே காயம்பட்டார், மாற்று ஆட்டக்காரர் விதி அப்போது இல்லாததால் அவர் நொண்டிக்கொண்டே ஆட வேண்டியிருந்தது. பழைய மைதானத்தை 2017இல் இடித்து, அதே இடத்தில் 2019இல் 62,850 இருக்கையோடு புதியதைத் திறந்தார்கள். இங்கே டூர் எடுக்கலாம். கட்டடம் பிரமாதம். ஆட்ட நாளிலும் கச்சேரி நாளிலும் டூர் கிடையாது, முன்கூட்டிப் பாருங்கள். வாசலில் டிக்கெட் விற்க வருகிறவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது அங்கே 1994 முதல் கிரிமினல் குற்றம், உள்ளே நுழையும்போது டிக்கெட் செல்லாமல் போனால் காசும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட பயணம் வைக்கவே வைக்காதீர்கள். தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலை நிறுத்தி, பதிலுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். பெட்டி வைக்க இடமில்லை, கழிவறை இல்லை, ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனுக்காகவும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஏறுகிறது. ரயில் கட்டணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு இப்படி உருட்டுவது பகல் கொள்ளை. நஷ்ட ஈடு கேட்கலாம், ஆனால் திருத்திய அட்டவணையைவிடத் தாமதமானால்தான் தருவார்கள், பஸ் மெதுவாகப் போனதற்கெல்லாம் இல்லை. டிக்கெட் எடுக்கும் முன்பே நேஷனல் ரயில் தளத்தில் வேலை நடக்கும் பகுதிகளைப் பார்த்துவிடுங்கள்.

பர்மிங்ஹாம் அரை நாள் போதும். நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து சின்ன ரயிலில் விட்டன் ஸ்டேஷன், அங்கிருந்து ஆஸ்டன் வில்லாவின் மைதானமான வில்லா பார்க் கூப்பிடு தூரம். பிரெஸ்டனுக்கு அடுத்து, வரலாற்றின் இரண்டாவது டபுளை 1896-97இல் வில்லா அடித்தது. கோப்பை இறுதியில் எவர்டனை 3-2 என்று வென்ற ஏப்ரல் 10ஆம் தேதியே, டெர்பி தோற்றதால் லீக்கும் உறுதியானது. இரண்டையும் ஒரே நாளில் முடித்த கிளப் வேறு கிடையாது. மைதானத்துக்கு வெளியே வில்லியம் மெக்ரிகர் சிலை இருக்கிறது. 1888இல் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி லீக்கையே தொடங்கிவைத்தவர் அவர். பழைய டிரினிட்டி ரோடு ஸ்டாண்டின் அழகான செங்கல் முகப்பை 2000இல் இடித்தது மன்னிக்க முடியாத வேலை.

வில்லா 1895இல் வென்ற கோப்பையை ஒரு கடைக் கண்ணாடியில் காட்சிக்கு வைத்திருந்தபோது திருடிக்கொண்டு போய்விட்டார்கள், கடைசிவரை கிடைக்கவில்லை. கிளப்புக்கு 25 பவுண்டு அபராதம். அந்தக் காசில் அதே ஊர் வாட்டன்ஸ் பட்டறை செய்த நகலைத்தான் 1897இல் வில்லா தூக்கியது. அது 2020இல் ஏலத்துக்கு வந்தபோது மான்செஸ்டர் சிட்டி உரிமையாளர் ஷேக் மன்சூர் வாங்கி, மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்தார். மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், நமக்கு டிக்கெட் உண்டு. 2010 வரை இந்த அருங்காட்சியகம் பிரெஸ்டன் டீப்டேலில்தான் இருந்தது. அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாது என்பேன். ஆனாலும் காசு கொடுத்துப் பாருங்கள், காட்சியில் இருக்கும் பொருட்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் முந்தின நாளே கேட்டு உறுதிசெய்துகொண்டு போங்கள்.