பாக்கி 92,000

ஜூன் 12
இன்றும் வாய்தா. டவாலி மூன்று முறை என் கணவர் பெயரைக் கூப்பிட்டார், அவர் வரவில்லை. "ஜீவனாம்சப் பணம் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்" என்று அவருடைய வக்கீல் எழுந்து சொன்னார். ஏப்ரலிலும் இதே பேச்சுதான்.

ஜூன் 13
பாப்பாவின் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். குனியும்போதெல்லாம் தாலிக்கயிறு முன்னால் வந்து விழுகிறது. நைந்துவிட்டது.

ஜூன் 20
தூக்கம் வரவில்லை, எழுந்து கணக்குப் போட்டேன். கேஸ் முடியும்வரை ஜீவனாம்சம் மாதம் 7,000. அதற்கு நான் மனுப் போட்ட ஆகஸ்டிலிருந்து இந்த ஜூன் வரை 11 மாதம், 77,000. வழக்குச் செலவு 15,000. ஆக 92,000. ஒரு ரூபாய்கூட வரவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் 2001-இல் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு உத்தரவு வரவே ஜனவரி ஆகிவிட்டது. விவாகரத்து கேட்டது அவர். பதில் சொல்லப் போய் நிற்பதற்கு பஸ் காசு, ஜெராக்ஸ், ஒரு நாள் தையல் கூலி எல்லாம் என் கையிலிருந்து. நியாயமா இது?

ஜூலை 3
வக்கீலம்மா மனுப் போட்டுவிட்டார். பாக்கியைக் கட்டும்வரை என் கணவருடைய விவாகரத்து மனு நகரக்கூடாது. சி.பி.சி., அதாவது சிவில் நடைமுறைச் சட்டம், 151-ஆம் பிரிவு, கோர்ட்டுக்கு இயல்பாகவே உள்ள அதிகாரமாம்.

ஜூலை 4
ஆடி 18-க்குக் கயிறு மாற்ற வேண்டும். மாற்றத்தான் வேண்டுமா?

ஜூலை 18
நிறுத்தி வைத்துவிட்டார்கள்! கோர்ட் வாசலில் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டாள், "அப்போ கேஸ் எப்போதான்டி முடியும்?"

ஜூலை 23
அம்மா கேட்டதே மண்டையில் ஓடுகிறது. அவர் கட்டவே இல்லை என்றால் கேஸ் அப்படியே கிடக்கும். நானும் அப்படியே கிடப்பேன், மனைவியாகவும் இல்லாமல், விட்டு வந்தவளாகவும் இல்லாமல். வக்கீலம்மாவிடம் கேட்டேன். நிறைவேற்று மனுப் போட்டு சம்பளத்தை ஜப்தி செய்யலாம், ஜீவனாம்ச உத்தரவைப் பணத் தீர்ப்பு மாதிரியே அமல்படுத்தலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். சரி, அதையும் போடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 2
அம்மா மஞ்சள் கயிறு வாங்கி சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள். ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 3
நாள் முழுக்க மெஷினில். ஏழு ஜாக்கெட். கயிறு மாடத்திலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 6
இப்போது 30,000, மீதி தவணையில், கேஸை நடத்த விடுங்கள் என்று அந்தப் பக்கம் கேட்கிறார்களாம். முழுசும் கட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. 30,000 இருந்தால் பாப்பா ஃபீஸ் முடிந்துவிடும். வக்கீலம்மா வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.