மா விலையும் மலைக்குப் போகிற ரொட்டியும்

பாண் விலை பத்து ரூபாய் ஏறினால் அன்று இரவே டிவியில் சொல்லிவிடுவார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் பேட்டி கொடுப்பார், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பாணைத் தூக்கிக் காட்டுவார். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் பாண் சம்பளம் போட்ட கிழமையில் வாங்குகிற சாமான். மற்ற நாளெல்லாம் ரொட்டிதான். அதனால் ஒரு கிலோ கோதுமை மா என்ன விலை என்பதுதான் எங்களுக்குச் செய்தி.

2021இல் தோட்டத்துக் கடையில் ஒரு கிலோ கோதுமை மா நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. 2022 செப்டம்பரில் நானூறு. கடைக்காரர் அட்டையில் விலை எழுதித் தொங்கவிடுவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் வாயால் சொல்வார், கொப்பியில் எழுதிக்கொள்வார். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் காலைக்கும், கொழுந்து பறிக்கிற மலைக்குக் கொண்டுபோகவும் சேர்த்து ஒன்றரைக் கிலோ மா வேண்டும். ஆயிரத்தில் அறுநூறு அங்கேயே முடிந்தது. சம்பலுக்குத் தேங்காய், விளக்குக்கு மண்ணெண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகு.

கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர், "மா விலை கூடினால் சோறு சாப்பிடலாம்தானே?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, லயத்துக் காலையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அம்மா எழும்பும்போது இருட்டாக இருக்கும். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்படுத்தி, சின்னதைத் தோட்டத்துப் பிள்ளை பராமரிக்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். மாவில் உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டால் ஒரே அடுப்பில் வேலை முடிந்தது. கறி தேவையில்லை, சம்பல் போதும். துணியில் சுற்றிக் கொண்டுபோனால் மழையிலும் பகல்வரை கெடாது. தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்னலாம், கை கழுவத் தண்ணீர் தேட வேண்டாம். சோற்றுக்கு இதில் எதுவும் சரிவராது. மேலும் 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் நெல் விளைச்சல் விழுந்து, அரிசியும் எட்டாத விலையில்தான் நின்றது.

மாவுக்கு எங்கள் சனம் பழகியதும் வெளியில் நடந்த ஒன்றால்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீட்டுக் கூப்பனுக்குக் கோதுமை மா வந்தது. தோட்ட நிர்வாகமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலம் அது. நாக்கு பழகிவிட்டது. ஆனால் இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை வந்த பிறகும் அரைப்பது மட்டும்தான் இங்கே, மணி முழுக்கக் கப்பலில் வருகிறது.

2022இல் நடந்ததைக் கணக்காகப் போட்டால் லேசாக விளங்கும். ஒரு டன் கோதுமை 300 டாலர் என்று வையுங்கள். டாலர் 200 ரூபாயாக இருந்தபோது கிலோ 60 ரூபாய். மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் சந்தைக்கு விட்டார்கள், மே மாதம் டாலர் 360. கோதுமை ஒரு சதமும் ஏறாவிட்டாலும் கிலோ 108 ஆகிவிடும். ஆனால் பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் போனது, உலகச் சந்தையில் டன் 400 டாலரைத் தாண்டியது. அப்படியென்றால் கிலோ 144. இது வெறும் மணியின் விலை. நூறு கிலோ மணியை அரைத்தால் முக்கால் பங்குதான் மாவாகும், மிச்சம் தவிடு. கப்பல் கூலி, லொறிக்கு டீசல், நடுவில் நிற்கிறவர்களின் இலாபம் எல்லாம் மேலே ஏறும். மே 13ஆம் திகதி இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. அந்தச் செப்டம்பரில் கொழும்பு நகர உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

வீட்டுத்தோட்டம் போடச் சொல்லி அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்ததும் அந்த வருடம்தான். லயத்தில் இஸ்தோப்பை, அதாவது வாசல் திண்ணையை, தாண்டிக் காலை வைத்தால் தோட்டத்துக் காணி. எங்கே நடுவது? அம்மா செய்தது வேறு. ரொட்டியை மெல்லிசாகத் தட்டினார். முந்தின இரவு மிஞ்சிய சோற்றை மாவோடு சேர்த்துப் பிசைந்தார். சுட்ட சூட்டில் நன்றாகத்தான் இருக்கும், ஆறினால் பிய்ந்து உதிரும். தான் கொண்டுபோவதில் பாதியைத் தம்பிக்கு வைத்துவிட்டு, பால் இல்லாத சாயத்தண்ணியில் சமாளித்தார் என்பது பக்கத்துக் காம்பரா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது. எந்த டாலர் மாவின் விலையை ஏற்றியதோ அதே டாலரில்தான் அம்மா பறித்த கொழுந்து தேயிலையாகி வெளிநாட்டுக்கு விற்கிறது. 2022இல் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை முந்தின வருடத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உரம், எரிபொருள் செலவு கூடியது உண்மை, விளைச்சல் குறைந்ததும் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நாட்சம்பளம் மட்டும் 2024வரை அதே ஆயிரத்தில் நின்றது. வாங்குகிற பொருளுக்கு உலக விலை, விற்கிற உழைப்புக்குத் தோட்டத்து விலை.

அப்புறம் 2023இல் உலகச் சந்தையில் கோதுமை யுத்தத்துக்கு முந்தின விலைக்கு இறங்கியது. கடையில் மா இருநூற்றுச் சொச்சத்தில் நின்றுவிட்டது. டாலர் 300இல் இருக்கும்போது பழைய நூறு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024இல் சம்பளம் 1,350 ஆன பிறகுதான் அம்மா ரொட்டியைப் பழைய தடிப்பில் தட்டத் தொடங்கினார். வருடக் கடைசியில் தேங்காய் விலை ஏறியது. அதோடு ரொட்டியில் தேங்காய்ப்பூ நின்றது, சம்பலில் வெங்காயம்தான் கூடியது. அந்தக் கணக்கை இன்னொரு நாள் எழுதுகிறேன்.