சோடோ சந்தையும் கோத்தகிரி ஹட்டியும்

தெற்கு எத்தியோப்பியாவின் சோடோ நகரில் விரிவுரையாளராக இருந்த இரண்டு ஆண்டுகளில், முதலில் என் நாவில் ஏறியவை அம்ஹாரிக் மொழியின் சந்தைச் சொற்கள்தாம். தண்ணீருக்கு வுஹா, காப்பிக்கு புன்னா, எதற்கும் இசைவு சொல்ல இஷ்ஷி. எழுத்து அவ்வளவாக மிரட்டவில்லை. 33 அடிப்படை எழுத்துகளும் ஏழேழு உயிரொலிகளுக்கேற்ப உருமாறி 231 ஆகும் அந்த அட்டவணை, உயிர்மெய் வரிசை எழுதிப் பழகிய கைக்கு உறவாகவே பட்டது.

தடுமாறியது முன்னிலையில். நலமா என்று ஆணிடம் கேட்டால் தெஹ்னா நெஹ், பெண்ணிடம் தெஹ்னா நெஷ். துறையில் ஆண் நண்பர்கள் என்னிடம் கேட்டதையே, முட்டைக்கோஸ் விற்கும் பெண்மணியிடம் பல வாரங்கள் திருப்பிச் சொல்லிவந்தேன். தமிழில் 'நீ' ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆகவே அந்த வேறுபாட்டை என் காது தேடவே இல்லை. ஒரு நாள் அவர் தம் நெஞ்சைத் தொட்டு, 'நெஷ்' என்று நிதானமாக இருமுறை சொன்னார்.

அவர் என்னிடம் மட்டுமே அம்ஹாரிக் பேசுகிறார், பக்கத்துக் கடையினரோடு பேசுவது அவ்வட்டார மொழியான வொலாய்த்தா என்பதை அதன் பிறகே கவனித்தேன். அம்ஹாரிக் செமித்திய மொழி, வொலாய்த்தா ஒமோத்திய மொழி; இரண்டும் வெவ்வேறு கிளைகள். கற்றது எதுவும் கைகொடுக்கவில்லை. தண்ணீர் ஹாத்தா, காப்பி துக்கியா. அமைதி என்று பொருள்படும் 'சரோ' என்ற வணக்கத்தை நான் முதன்முதலாகச் சொன்ன காலையில், அவர் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் அழைத்து, அதை மீண்டும் சொல்லச் செய்தார். அம்ஹாரிக்கில் நான் எத்தனை வாக்கியம் பேசியபோதும் அவர் முகத்தில் அந்த மகிழ்ச்சியைக் கண்டதில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த கோத்தகிரியைச் சுற்றிலும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்கள். பள்ளித் தோழர்களில் பலர் வீட்டில் படுகு பேசியவர்கள். என்னிடம் தமிழில் பேசினார்கள், அதுவே போதும் என்று முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் ஒரு தோழனின் தாயாரிடம் சென்றேன். "இத்தனை வருஷம் கழிச்சா கேக்குற, தம்பி?" என்றவர், அடுப்பிலிருந்த பாத்திரத்தைக் காட்டி 'ஹாலு' என்றார். நம் பகரம் அங்கே ஹகரம். பால் ஹாலு, பட்டி ஹட்டி. இந்த ஒரு திறவுகோலால் பல சொற்கள் விரைவில் வசமாயின. வினைமுற்றுகளைத்தான் ஞாயிறுதோறும் அவர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.