லைப்ரரி ஆர்டரும் எழுத்தாளர் பங்கும்

கலைக்கு அரசு பணம் தரலாமா கூடாதா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஒரே பதில்தான்: உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நீங்களே பல வருஷமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் மல்லுக்கட்டி 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததே, அப்போது தொடங்கிய ஏற்பாடு. (வசூலித்த வரியை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது தனிக்கதை.)

அந்தப் பணத்தில் ஒரு பகுதி 'லைப்ரரி ஆர்டர்' ஆகிறது, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு பதிப்பாளர்களிடம் புத்தகம் வாங்குவது. கடையில் முந்நூறு பிரதி போகவே திணறும் கவிதைத் தொகுப்புக்கு ஆர்டர் கிடைத்துவிட்டால் பதிப்பாளர் அடுத்த புத்தகத்துக்குக் காகிதம் வாங்கிவிடலாம். சந்தையை மட்டும் நம்பியிருந்தால் தமிழில் சமையல், ஜோசியம், போட்டித் தேர்வு கைடு தவிர எத்தனை வந்திருக்கும் என்று தெரியவில்லை. அதனால் இந்த ஏற்பாடே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் அந்த ஆர்டருக்கு விலை வைத்த விதம் இருக்கிறதே! நெடுங்காலம் ஃபாரக் கணக்குதான். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரத்துக்கு இவ்வளவு ரூபாய். பத்து வருஷம் ஊர் ஊராக அலைந்து எழுதிய ஆய்வுக்கும் இணையத்தில் வெட்டி ஒட்டியதற்கும் ஒரே ரேட். அப்புறம் எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டுப் பக்கத்தை ஏற்றாமல் என்ன செய்வார்கள்?

எழுத்தாளர் பங்கைப் பாருங்கள். நூறு ரூபாய் புத்தகம் ஆயிரம் பிரதி போனால் பத்து சதவீத ராயல்டி பத்தாயிரம் ரூபாய். அதுவும் கைக்கு வந்தால்தான்.

நார்வே 1965-லிருந்து புது இலக்கிய நூல்களை அரசுச் செலவில் வாங்கி நூலகங்களுக்கு அனுப்புகிறது, தொடக்கத்தில் தலைப்புக்கு ஆயிரம் பிரதி. அந்த நாட்டின் மக்கள்தொகை இன்றைக்கும் அரைக் கோடி சொச்சம்தான். பிரிட்டனில் 1979-ல் ஒரு சட்டம் போட்டு, நூலகத்தில் புத்தகம் இரவல் போகும் கணக்கை வைத்து எழுத்தாளருக்கே பணம் தருகிறார்கள். பிரபலங்களே எல்லாவற்றையும் அள்ளிவிடாமல் ஆண்டுக்கு 6,600 பவுண்டு என்று உச்சவரம்பும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்த உச்சவரம்புதான்.

நம் ஊர் நூலகத்திலும் இரவல் கணக்கு எழுதத்தான் செய்கிறார்கள். அதற்குப் பணம் தருவது பெரிய வேலை, சரி, பிறகு பார்க்கலாம். கொள்முதல் விண்ணப்பம் இப்போது ஆன்லைனுக்கு வந்துவிட்டது. பதிப்பாளருக்குத் தரும் தொகையிலிருந்து ராயல்டியைப் பிடித்து எழுத்தாளர் வங்கிக் கணக்கில் நேராகப் போடுவதை முதலில் செய்யட்டும்.