தவணையில் எரியும் விளக்கு

சென்னையில் இரண்டு மாதத்திற்கொரு முறை மின்கட்டணத்தைக் கைபேசியிலேயே கட்டிவிடும் நமக்கு, கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணப் பரிமாற்றமே பின்னர் மின்கம்பி எட்டாத வீடுகளில் விளக்கெரிய வழிசெய்தது வியப்பளிக்கலாம். கூரையில் சிறிய சூரியத் தகடு, உள்ளே பேட்டரிப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். இவற்றுக்கான தவணைப் பணம் எம்-பெசா வழியே வந்தால் விளக்கு எரியும், நின்றால் பெட்டி தானே பூட்டிக்கொள்ளும். (கடன்காரர் வாசலில் வந்து நிற்பதைவிட இது மேலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.)

எம்-பெசாவின் சோதனைக் கட்டத்திற்குப் பிரிட்டன் அரசின் மானியம் உதவியது. தோற்றால் திரும்பாத அத்தகைய பணத்தைத் தனியார் முதலீட்டாளர்கள் எளிதில் தருவதில்லை. ஆனால் சூரிய மின் நிறுவனங்கள் வளரும்போது வாங்கும் கடன் பெரும்பாலும் டாலரில் இருக்க, வாடிக்கையாளர் கட்டுவதோ கென்ய நாணயமான ஷில்லிங்கில். ஷில்லிங் சரிந்தால், ஒழுங்காகத் தவணை வசூலாகும் நிறுவனமும் தள்ளாடும். ஆகவே, புதிய செயலிகளுக்குப் பரிசளிப்பதைவிட, உள்ளூர் நாணயத்தில் நீண்டகாலக் கடன் கிடைக்கச் செய்வதே அவசரமான வேலை என்று கருதுகிறேன்.