ஏஓ-7 அனுப்பும் எண்கள்: மோர்ஸ் பீக்கனை மென்பொருளால் படித்த அனுபவம்

1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட ஏஓ-7 என்னும் அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள், 1981-இல் மின்கலம் பழுதாகி அடங்கிப்போனது. மின்கலத்தில் இருந்த குறுக்குச்சுற்று பின்னாளில் விலகியதால், 2002 ஜூன் மாதத்தில் அதன் குரல் மீண்டும் கேட்டது. அன்று முதல் சூரிய ஒளி படும் வரைக்கும் பேசுவதும், பூமியின் நிழலுக்குள் போனதும் அணைவதுமாக அது இருந்து வருகிறது. தன் வெப்பநிலை, மின்னோட்டம் போன்ற அளவுகளை எண்களாக அது அனுப்பிக்கொண்டே இருக்கும் அடையாளக் குறிகைதான் மோர்ஸ் பீக்கன். அதைக் காதால் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லாததால், மென்பொருளைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்து வருகிறேன்.

கருவிகள் எளியவை. கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பியான ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், ஆண்டெனாவாக மொட்டை மாடியில் 120 பாகைக் கோணத்தில் விரித்துக் கட்டிய இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்பதை ஜிபிரெடிக்ட் என்னும் மென்பொருள் சொல்கிறது. மோர்ஸை எழுத்தாகப் பிரித்துத் தருவது எஃப்எல்டிஜி என்னும் மென்பொருள். ஒலியாகப் பதிவதைவிட, வானொலிக் குறிகையை அப்படியே சேமிக்கும் ஐக்யூ கோப்பாகப் பதிந்துகொள்வது நல்லது. வினாடிக்கு 2,50,000 மாதிரிகள் என்ற வீதத்தில் 20 நிமிடத்துக்கு 600 மெகாபைட் ஆகும் என்றாலும், அதே வருகையை வேறு வேறு அமைப்புகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

பீக்கன் 145.975 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அடிவானத்தில் எழுவது முதல் மறைவது வரை செயற்கைக்கோள் நகர்வதால் அலைவரிசை மாறித் தெரியும் டாப்ளர் விளைவால் அது ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸ் இறங்குகிறது. இதை ஜிபிரெடிக்ட் திருத்திவிடுகிறது. திருத்த முடியாதது வேறொன்று. தரையிலிருந்து வரும் குறிகையை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டருக்குள் யாராவது அளவுக்கு மீறிய திறனுடன் அனுப்பினால், மின்கலம் இல்லாத இந்தச் செயற்கைக்கோளின் மின்னழுத்தம் தள்ளாடி, பீக்கனின் சுருதியும் சேர்ந்தே நெளிகிறது. வடிகட்டியை 50 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கினால் இரைச்சல் குறையும், ஆனால் நெளியும் சுருதி வடிகட்டிக்கு வெளியே போய்விடும். 150 ஹெர்ட்ஸ் அளவே என் பதிவுகளுக்கு ஒத்துவருகிறது. இந்த இடத்தில் திறனைக் காட்டும் அன்பர்கள் சற்று அடக்கி வாசித்தால் எல்லோருக்கும் நல்லது.

செயற்கைக்கோள் சுழல்வதால் குறிகை எழுந்தும் தாழ்ந்தும் வருகிறது. தாழும்போது மென்பொருள் இரைச்சலையே புள்ளியும் கோடுமாக எடுத்துக்கொண்டு, திரையில் ஈ, டி, ஐ என்ற எழுத்துகளைக் கொட்டித் தள்ளுகிறது. ஒற்றைப் புள்ளி ஈ, ஒற்றைக் கோடு டி, இரு புள்ளிகள் ஐ என்பதால் இதில் வியப்பில்லை. இவை அடுத்தடுத்து வரும் பகுதிகளைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். தொல்லை தருவது, பாதி சரியாக வரும் எழுத்துகளே.

இங்குதான் பீக்கனின் அமைப்பு கைகொடுக்கிறது. "ஹெச்ஐ ஹெச்ஐ" என்ற வாழ்த்துக்குப் பின் மூன்று இலக்க எண்கள் 24 வருகின்றன. அவை வரிசைக்கு நான்காக ஆறு வரிசைகள். ஒவ்வோர் எண்ணின் முதல் இலக்கமும் அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும். ஆகவே வாழ்த்துக்குப் பின் இலக்கத்தைத் தவிர எது வந்தாலும் அது பிழைதான். மோர்ஸில் எல்லா இலக்கங்களுக்கும் ஐந்து கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்று விடுபட்டால் நான்கு கூறுள்ள எழுத்தாகத் தெரியும். ஐந்து புள்ளிகளான 5, ஒரு புள்ளியை இழந்தால் ஹெச் ஆகிறது. ஆனால் 4 தன் கடைசிக் கோட்டையோ, 6 தன் முதல் கோட்டையோ இழந்தாலும் ஹெச்தான். வி என்று வந்தால் 3 அல்லது 4. பி என்று வந்தால் 6 அல்லது 7.

இந்தப் பட்டியலை வைத்துப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். நான்காம் வரிசையில் எண்ணின் முதல் இடத்தில் வி வந்தால் அது 4 என்று ஐயமின்றி முடிவாகிவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் இடங்களில் வந்தால் 3, 4 இரண்டையும் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் அதே இடத்தில் வரும் இலக்கத்தோடு நிரல் ஒப்பிடுகிறது. வெப்பநிலை போல மெல்ல மாறும் அளவுகளுக்கு இந்த ஒப்பீடு பொருந்தும். சூரியத் தகடுகளின் மின்னோட்டமோ செயற்கைக்கோள் சுழலச் சுழல மாறுவது. அங்கே ஊகித்து நிரப்புவது இல்லாத அளவை நாமே உண்டாக்குவதாகும் என்பதால், அந்த இடங்களை வெற்றிடமாகவே விடுகிறேன். எஃப்எல்டிஜி மட்டும் தந்த உரையில் ஒரு வரிசைகூட முழுமையாகத் தேறாத தாழ்வான வருகைகளிலும், இப்போது பயன்படுத்தத்தக்க வரிசைகள் கிடைக்கின்றன.

நிழலில்லாத காலங்களில் ஏஓ-7, வெவ்வேறு அலைவரிசைகளில் இயங்கும் ஏ, பி ஆகிய இரு முறைகளுக்கும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறது. இதுவரை சொன்னது பி முறையின் பீக்கன். ஏ முறையில் பீக்கன் 29.502 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். டாங்கிள் அதை எட்டும், நிரலிலும் மாற்றம் வேண்டாம். ஆனால் அந்த அலைவரிசையில் கால் அலைநீளமே இரண்டரை மீட்டர் வருகிறது. துணிக்கொடிகளுக்கு நடுவே ஐந்து மீட்டர் கம்பியை எந்தப் பக்கம் இழுப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.