பங்குக்கு ஒரு நம்பர்

“நம்பர் வந்த பிறகே பிரிச்சுக்கலாமேங்க?” என்று அந்த அக்கா கேட்டார். தம்பியைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் அப்பாவின் பழைய விளையாட்டுக் கார்டு ஒன்றைப் பங்கு பிரிக்க, மதிப்புப் போடச் சொல்லி இருவரும் என் கடைக்கு வந்திருந்தார்கள். கார்டின் நிலையைப் பார்த்து அமெரிக்கக் கம்பெனி பத்துக்கு இவ்வளவு என்று போடுகிற மதிப்பெண்தான் அந்த நம்பர். அப்படிப் போடுவதுதான் கிரேடிங்.

நான் சொன்ன பதில் இதுதான்: “அமெரிக்கா போய்த் திரும்பி வரணும்ங்க. எப்ப வரும்னு சொல்ல முடியாது. அனுப்பற கூலி, இன்ஷூரன்ஸ், கிரேடிங் கட்டணம் எல்லாம் முதல்லயே போடணும். நாலுன்னு வந்தா அந்தச் செலவை யாரு ஏத்துக்கறது?”

இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அக்கா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. “அண்ணா சொல்றது சரிதானே” என்றார் தம்பி. கிரேடு ஆகாத நிலையில் இன்ன விலை போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கார்டு தம்பிக்கு, அதில் பாதித் தொகை அக்காவுக்கு.

ஃபிளீர் கம்பெனி 1986-ல் போட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் கார்டு அது, 57-ஆம் எண். அவர்கள் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். தோட்டத்துக்கு வந்த விருந்தாளி வீட்டுப் பையன் கொடுத்துவிட்டுப் போனதாம். மழைக்காலத்தில் சுவரே வேர்க்கிற ஊரில் கார்டு நெளியாமல் இருந்தது எனக்கு ஆச்சரியம். சம்பள நோட்டுக்குள் வைத்து, மேலே இன்னும் நாலு நோட்டு அடுக்கி வைத்திருந்தாராம்.

இந்தக் கார்டுக்குப் போலிகள் ஏராளம். அதனால் முதலில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியில் அச்சுப் புள்ளிகளைப் பார்த்தேன், அளவு எடுத்தேன். அசல்தான். அப்புறம் சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு. படம் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஜோர்டான் கார்டில் அதுவே பாதி அதிர்ஷ்டம். ஓரம்தான் தொல்லை. அந்தச் சிவப்பு மை சுலபமாக உதிரும். மேல் மூலை ஒன்றில் வெள்ளை தெரிகிற மாதிரி இருந்தது, விளக்கைத் திருப்பினால் இல்லாத மாதிரியும் இருந்தது. ஆறு என்று வைத்துக்கொண்டேன்.

கிரேடிங் என்றால் என்ன என்று இருவருக்கும் சொல்லத்தான் செய்தேன். 2021 ஜனவரியில் இதே கார்டு, பி.எஸ்.ஏ. என்கிற அந்த அமெரிக்கக் கிரேடிங் கம்பெனியிடம் பத்து வாங்கியது, ஒரே ஏலத்தில் இரண்டு, தலா 7,38,000 டாலருக்குப் போனது. பிறகு அந்த விலை பாதிக்கும் கீழே இறங்கியது. ஒன்பது வாங்கிய கார்டு இதற்குப் பக்கத்திலேயே வராது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையாக இருக்கலாம், விலையோ பல மடங்கு. கிரேடு ஆகாத கார்டுக்கு விலை குறைவதும் கார்டு மோசம் என்பதால் மட்டும் அல்ல. அசலா, புதுசு போலத் தெரிய ஓரம் வெட்டியதா என்ற சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறவர் கழிக்கிறார். கிரேடு போட்டு மூடித் தருகிற பிளாஸ்டிக் உறையான ஸ்லாப்புக்குள் போய்விட்டால் அந்தச் சந்தேகம் நீங்கிவிடும், கழிவும் நீங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை: மதிப்பு கூடினால் கிரேடிங் கட்டணத்தையும் கூட்டி வாங்குவார்கள். அந்த மதிப்பைக் கூட்டுவதே அவர்கள் போடுகிற நம்பர்தான்.

அப்புறம் தம்பி கார்டை அனுப்பினார், என் மூலமாகவே. எட்டு வந்தது. விலை, நான் எழுதிக் கொடுத்த தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஸ்லாப்பைப் படம் எடுத்து, கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஆறு என்று எழுதியது தொழில் முறைப்படி சரி. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் ஒன்றிரண்டு குறைத்துத்தான் சொல்வார்கள். எட்டு என்று எழுதி ஐந்து வந்திருந்தால் தம்பி என் சட்டையைப் பிடித்திருப்பார். ஸ்லாப்பை உடைத்து அதே கார்டை மறுபடி அனுப்பி, வேறு நம்பர் வாங்குகிறவர்களும் உண்டு. பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு செய்த கார்டே பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடைய டி206 என்கிற சிகரெட் பெட்டிக் கார்டுதான். அதற்கு எட்டு போட்டார்கள். அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று, கார்டு ஏலம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். அவர்கள் கண்ணுக்கே அப்படி என்றால், கடைவீதியில் ஒரு மேசை விளக்கை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு சொல்லிவிட முடியும்?

ஆனால் குறைத்துச் சொல்வது எச்சரிக்கை ஆவது, பணம் போட்டு வாங்குகிறவன் நானாக இருக்கும்போதுதான். அன்றைக்கு நான் வாங்கவில்லை, இருவருக்கும் பொதுவாக உட்கார்ந்திருந்தேன். நான் குறைத்த ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒருவர் பங்கிலிருந்துதான் போனது. செலவைச் சமமாகப் போட்டு, வருவதைச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நாலு வந்தால் நஷ்டமும் சமம் என்று சொல்லியிருக்கலாம். நாணயம் கொண்டுவருகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் பல தடவை செய்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கும் அது நினைவுக்கு வந்தது என்றுதான் நினைக்கிறேன். தம்பி எனக்குப் பழைய வாடிக்கை, பெங்களூரிலிருந்து நண்பர்களின் கார்டுகளையும் கொண்டுவருகிறவர். அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா? அப்படியும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவசரமாக முடிக்க வேண்டும் என்று அவர்கள் இருவருமே வந்திருந்தார்கள்.

எட்டு வந்த செய்தியை அக்காவிடம் நான் சொல்லவில்லை. தம்பி சொல்லியிருக்கலாம், கூடுதலாகக் கொடுத்தும் இருக்கலாம். அதை விசாரிப்பது என் வேலை இல்லை என்கிறார் என் மனைவி. “அப்ப கையெழுத்து மட்டும் போடலாமா?” என்றும் அவரேதான் கேட்டார்.

இப்போதெல்லாம் மதிப்புத் தாளில் இரண்டு வரி எழுதுகிறேன்: இப்படியே விற்றால் இவ்வளவு, நல்ல கிரேடு வந்தால் இவ்வளவு வரை. போன வாரம் அஸ்தம்பட்டியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் பழைய வெள்ளி நாணயங்களோடு வந்தார்கள். எழுதி முடித்ததும் பெரியவர் தாளை என் பக்கம் தள்ளி, “அந்த ரெண்டாவது வரி எதுக்குங்க, வீணாக் குழப்பம்” என்றார். சின்னவரைப் பார்த்தேன். அவர் ஃபோனில் இருந்தார். வேறு தாள் எடுத்து, ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தேன்.